ஓடியது, ஆனால் யாரும் ஓட்டவில்லை: ஒரு வீட்டு மாடல் ரயில் பாதையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் முதல் தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் மூன்று பேர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து 2016-ல் ஓய்வுபெற்ற பெரியவர், வங்கியில் வேலை பார்க்கும் அவர் மகள், அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த பேரன். பெரியவர் பணிக்காலத்தின் முற்பாதியை விழுப்புரம் – தஞ்சாவூர் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர்) பாதையின் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் கழித்தவர்.

2022 நவராத்திரிக்கு அவர்கள் வீட்டுக் கொலுவில், படிக்குக் கீழே கேழ்வரகு முளைக்கவிட்டுப் போட்ட பார்க்கைச் சுற்றி ஒரு பேட்டரி ரயில் ஓடியது. அதைப் பார்த்த உறவினர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வரும்போது ஹெச்ஓ அளவில் ஒரு மாடல் ரயில் செட் வாங்கி வந்து பேரனிடம் கொடுத்தார். ஹெச்ஓ என்றால் அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். செட்டில் ஓர் இன்ஜின், நான்கு வண்டிகள், ஒரு வட்டத்துக்கான தண்டவாளம், 12 வோல்ட் கன்ட்ரோலர் இருந்தன. அதோடு விட்டிருந்தால் இரண்டு வாரத்தில் பரணுக்குப் போயிருக்கும். பெரியவர், "பலகை அடிச்சு நிரந்தரமா போடுவோம்" என்றார்.

நான் அதே கட்டடத்தில் குடியிருப்பவன். எலெக்ட்ரானிக்ஸ் தெரியும் என்பதால் ஒயரிங்குக்குக் கூப்பிட்டார்கள். அதன்பின் கடைசிவரை கூடவே இருந்தேன். இங்கே எழுதியிருப்பது நான் பார்த்ததும், பெரியவர் வைத்திருந்த பதிவேட்டில் இருப்பதும்.

முதல் அமைப்பு: 2022 டிசம்பர்

இடம் பின்பக்கப் படுக்கையறை. 6-க்கு 4 அடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை வாங்கி, ஸ்லாட்டட் ஆங்கிள் கால்கள் மேல் வைத்தோம். வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. அறையில் வேறு இடமில்லாததால் பலகையின் இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி நின்றன. மேற்கு ஜன்னல் ஒரு பக்கத்தில்.

பேரனுக்கு மலை ரயில் வேண்டும், பாலம் வேண்டும், குகை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பலகையில் அடக்க எட்டு வடிவம் ஒன்றே வழி என்று முடிவானது. பாதை தன்னைத் தானே பாலத்தில் தாண்டும். கீழே போகும் வண்டி இடிக்காமல் இருக்க 8 சென்டிமீட்டர் உயரம் தேவைப்பட்டது. அந்த ஏற்றத்துக்குக் கிடைத்த நீளம் 1.6 மீட்டர். அதாவது 20-க்கு 1 சரிவு. வளைவுகளின் ஆரம் செட்டில் வந்த 36 சென்டிமீட்டர்தான்.

சரிவைக் கணக்குப் போட்டதும் பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். மேட்டுப்பாளையம் – ஊட்டி பாதையில் 12-க்கு 1 ஏற்றம் இருக்கிறது. ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் போட்டு, அதைப் பற்களால் பிடித்துத்தான் இன்ஜின் ஏறுகிறது. சக்கரத்தின் பிடிமானத்தை மட்டும் நம்பி ஓடும் பாதையில் 40-க்கு 1 என்பதே கடினமான ஏற்றம். இதையெல்லாம் அவரே பேரனுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "சின்ன வண்டிதானே, ஏறிடும்" என்றும் சொன்னார். இரண்டு வண்டியோடு ஏறியது. நான்கு வண்டி பூட்டினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு அங்கேயே சுற்றியது.

மார்கழியின் குளிர்ந்த காலை நேரங்களில் தண்டவாளத்தைப் பதித்தோம். இணைப்புகள் தளர்ந்து மின்சாரம் தடைபடக் கூடாது என்று நான் எல்லா இணைப்புகளையும் சால்டர் செய்தேன், இடைவெளியே விடாமல். அந்த முடிவு என்னுடையது. குன்றுகளைச் செய்தித்தாளும் மைதாப் பசையும் கொண்டு மகள் செய்தார்.

கவனித்தவை: 2023 ஏப்ரல், மே

மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஏப்ரலில் வண்டி தடம் புரள ஆரம்பித்தது. முதலில் சக்கரத்தைச் சந்தேகப்பட்டோம், பிறகு கொக்கியை, பிறகு பேரனின் வேகத்தை. எதை மாற்றியும் பயனில்லை.

இந்தக் கட்டத்தில் பெரியவர் செய்த காரியம்தான் என் பார்வையில் முழு முயற்சியிலும் மிக மதிப்புள்ளது. ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, ஸ்டேஷனில் வைத்திருக்கும் டிரெயின் சிக்னல் ரெஜிஸ்டர் மாதிரியே கட்டங்கள் பிரித்தார். தேதி, நேரம், எந்த வண்டி, எந்தத் திசை, எந்த இணைப்பு. தண்டவாள இணைப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) மேல் சிறு எண் எழுதினார். தடம் புரளும் ஒவ்வொரு முறையும் எழுதிய பிறகே வண்டியை எடுத்து வைக்கலாம் என்று விதி.

ஒன்பது நாளில் 31 பதிவுகள். அதில் 23 ஒரே இடத்தில், ஜன்னலோரம் நேர்ப்பாதை வளைவோடு சேரும் 14-ம் எண் இணைப்பில். அந்த 23-ல் 21 பிற்பகல் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில். நோட்டைப் பார்த்த மறு நொடியே அவர் சொன்னார்: "தண்டவாளம் சூட்டுல நெளியுது சார். இது கீமேன் பார்க்க வேண்டிய வேலை." கீமேன் என்பவர் பாதையில் நடந்து தண்டவாளத்தைச் சோதிக்கும் ஊழியர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு 14-ம் இணைப்பின் மேல் ஓர் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தோம். நேராக இருந்தது. மாலை மூன்றரைக்கு அதே ஸ்கேலை வைத்தபோது தண்டவாளம் வெளிப்பக்கமாக 2 மில்லிமீட்டர் பிதுங்கி நின்றது. பக்கத்தில் ஒரு ஆணி மேலே எழும்பியிருந்தது. வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. விரல் வைத்தால் சுட்டது.

காரணம்

மாடல் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகம். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தது, பெயரில்தான் வெள்ளி. 1 மீட்டர் நீளம் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளும். இது ஒன்றுமில்லாத அளவாகத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு முனையும் நகர முடியாமல் இறுகியிருந்தால் அந்த நீட்சி பக்கவாட்டில்தான் போயாக வேண்டும். வடிவியல் கணக்குப்படி, நடுவில் பிடிப்பே இல்லாத 1 மீட்டர் கம்பியில் 0.3 மில்லிமீட்டர் நீட்சி நடுப்பகுதியை 1 சென்டிமீட்டர் தள்ளிவிடும். எங்கள் பாதையில் ஆணிகள் பிடித்திருந்ததால் 2 மில்லிமீட்டரோடு நின்றது. வண்டி கவிழ அதுவே போதும்.

அசல் ரயில்வேயில் இதற்காகவே கோடையில் தனி ரோந்து உண்டு. ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டை போட்டு இணைத்த பழைய பாதைகளில் ஒவ்வொரு 12, 13 மீட்டருக்கும் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். நாம் சின்ன வயதில் கேட்ட அந்த தடக் தடக் ஓசை அந்த இடைவெளியிலிருந்து வந்ததுதான். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஓசையைக் கேட்ட மனிதர் பக்கத்தில் இருக்கும்போது, குளிர்காலக் காலையில் நான் எல்லா இணைப்பையும் இடைவெளியின்றி அடைத்தேன். அவரும் அப்போது கவனிக்கவில்லை.

இதோடு இன்னொரு கோளாறும் இருந்தது. பலகையின் எதிர்ப்பக்கத்தில் இன்ஜின் மெதுவாகப் போகும். நான் அங்கே மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். இரண்டு வாரம் இதில் வீணானது. பிறகுதான் புரிந்தது: இன்ஜினை எடுத்து வைத்துவிட்டு அளந்தால் மின்னோட்டமே இல்லை, அதனால் இழப்பும் தெரியாது. இன்ஜினைக் கையால் பிடித்து, சக்கரத்தைச் சுற்றவிட்டு அளந்தபோது கன்ட்ரோலர் பக்கம் 11.8, எதிர்ப்பக்கம் 8.6. பாதை முழுவதற்கும் ஒரே ஒரு ஜோடி ஒயர்தான் கொடுத்திருந்தோம். என் சால்டரில் இரண்டு இணைப்பு சரியாகப் பிடிக்கவும் இல்லை.

முதல் முடிவு: திருத்துவது

ஜூன் முதல் வாரத்தில் ஐந்து இடங்களில் தண்டவாளத்தை மெல்லிய ரம்பத்தால் வெட்டி இடைவெளி விட்டோம். இடைவெளியின் அளவு ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனி ஜோடி ஒயர் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டார்கள். இரண்டு நாள் வேலை. அதன் பிறகு தடம் புரள்வது அநேகமாக நின்றது, வேகமும் சுற்று முழுக்க ஒரே சீராக வந்தது.

எதிர்பாராத விளைவு

இந்த நிகழ்வை எழுதத் தோன்றியதே அடுத்து நடந்ததால்தான். பதிவேட்டை எண்ணிப் பார்த்தால் ஜூனில் 24 நாள் வண்டி ஓடியிருக்கிறது. ஜூலையில் 15, ஆகஸ்டில் 7, செப்டம்பரில் 2. கோளாறு இருந்தவரை மூன்று பேரும் மாலை முழுக்க அந்த அறையில் இருந்தார்கள். கோளாறு தீர்ந்ததும் யாரும் வரவில்லை.

பேரனிடம் கேட்டேன். "சுத்திக்கிட்டே இருக்கு அங்கிள்" என்றான். அவ்வளவுதான் சொன்னான், அதுவே போதுமாக இருந்தது. கன்ட்ரோலரைத் திருப்பினால் வண்டி எட்டுப் போடும்; நிறுத்தினால் நிற்கும். அது எங்கும் போகவில்லை, யாருக்காகவும் நிற்கவில்லை. பெரியவருக்கும் அங்கே செய்ய ஒன்றுமில்லை. பலகையின் தூர மூலை 4 அடிக்கு அப்பால். மனிதக் கை சாய்ந்து எட்டுவது இரண்டரை அடிதான். முதுகு வலியோடு அவரால் அங்கே ஒரு தூசியைக்கூடத் துடைக்க முடியாது. பேரன் பலகை மேல் முழங்கால் வைத்து ஏறுவான். அதில் நடுப்பகுதி கொஞ்சம் தொய்ந்தும் விட்டது.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். முதல் தளம் என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லாமல் அறையை மூடிவைத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மைதாப் பசைக் குன்றுகள் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. குகைக்குள் கரப்பான். புத்தக பைண்டிங் செய்கிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சியும் பூஞ்சையும் வராது. மகளுக்கு அது தெரியும். மயில்துத்தம் நஞ்சு, பிள்ளை கை வைக்கும் இடம் என்பதால் வேண்டுமென்றே கலக்காமல் விட்டிருந்தார். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். தவறு, காகிதத்தையும் மாவையும் மழைக்காலம் தாண்டி வைத்திருக்க நினைத்ததில்.

இரண்டாவது முடிவு: பிரிப்பது, 2024 ஜனவரி

பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து பேசினோம். குன்றை மட்டும் புதிதாகச் செய்யலாம் என்பது ஒரு வழி. முழுவதையும் விற்றுவிடலாம் என்று மகள் சொன்னார். அந்த அறை தேவைப்படுகிறது என்பது நியாயமான காரணம். பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வரைந்தார். ஒரு நேர்கோடு, அதன் பக்கத்தில் பிரிந்து மறுபடி சேரும் ஒரு லூப், சரக்கு இறக்க ஒரு முட்டுப்பாதை. அவர் வேலை பார்த்த எத்தனையோ ஸ்டேஷன்களின் படம் அது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் கிராசிங் ஸ்டேஷன்.

பிளைவுட்டை நீளவாக்கில் மூன்றாக அறுத்தோம். 4 அடி அகலம் மூன்றானால் ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர் சொச்சம். நீளம் 6 அடி. இரண்டு பலகையை நீளச் சுவரை ஒட்டி வரிசையாகவும், மூன்றாவதை மூலையில் திரும்பியும் வைத்தோம். ஜன்னல் சுவரைத் தொடவே இல்லை. மூலையில் 44 சென்டிமீட்டர் ஆர வளைவு தாராளமாக அடங்கியது. எந்த இடமும் கைக்கெட்டும் தூரத்தில். ஏற்றம் இல்லை, பாலம் இல்லை, குகை இல்லை. சுற்றும் இல்லை. முதல் இரண்டு பலகையில் ஸ்டேஷன். மூன்றாவது பலகையின் மூன்று தடங்கள் "அடுத்த ஸ்டேஷன்".

கேஜ் பற்றி ஒரு தகராறு நடந்தது. 16.5 மில்லிமீட்டரை 87-ஆல் பெருக்கினால் ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர். நம் பிராட் கேஜ் 1,676. இந்த அளவில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். மீட்டர் கேஜ் என்றால் பதினொன்றரை. பெரியவர் ஸ்கேல் வைத்து அளந்து, "இது ரெண்டும் இல்லையே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு மாறலாம், ஆனால் கையில் இருக்கும் இன்ஜின், வண்டி எதுவும் அதில் ஓடாது. இருப்பதை வைத்து ஓட்டுவது, ஸ்டேஷன் கட்டடத்தையும் சுற்றுப்புறத்தையும் நம் ஊர் போல் செய்வது என்று முடிந்தது. அதை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

ஜல்லிக்கு எம் சாண்டை டீ வடிகட்டியில் சலித்தோம். பரப்புவதற்கு முன் ஒரு காந்தத்தை அதன் மேல் ஓட்டினேன். காந்தத்தில் கறுப்பாக மீசை மாதிரி இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அது இன்ஜின் மோட்டாரின் காந்தத்துக்குள் போயிருந்தால் மோட்டார் கெட்டிருக்கும். நான்கு முறை ஓட்டியபின்தான் சுத்தமானது. ஒரு தவறும் நடந்தது: ஜல்லி ஒட்ட ஃபெவிகால் கரைத்த தண்ணீரைச் சொட்டு விடும்போது ஒரு பாயிண்ட்டின் (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) நாக்குக்குள் இறங்கி, அது ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒரு மாலை முழுக்கத் துடைத்து மீட்டோம். மொத்தச் செலவில் பெரும்பங்கு அந்தப் பாயிண்ட்டுகளுக்கே போயிருந்தது.

மூலையில் பேரன் ஈர்க்கும் பச்சைக் காகிதமும் கொண்டு பனைமரங்கள் செய்தான்.

ஓட்டும் முறை

ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சியாகப் பெரியவர் காலத்தில் டிரைவரிடம் ஓர் உலோகப் பந்து கொடுப்பார்கள். பக்கத்து ஸ்டேஷன் சம்மதித்தால்தான் கருவியிலிருந்து அந்தப் பந்து வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியிலேயே கை மாற்றுவார்கள்.

இந்த வீட்டில் பந்து ஒரு கோலிக்குண்டு. பை, மகள் கொடுத்த சுருக்குப்பை. வளையம், அவருடைய பழைய கண்ணாடி வளையல். மூன்றாவது பலகைப் பக்கம் பேரன், ஸ்டேஷன் பக்கம் தாத்தா. எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டி லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பச் சம்மதம், கேட்க வேண்டும். பதில் தட்டு வந்த பிறகு வளையல் கை மாறும். அதன் பிறகே கன்ட்ரோலர். லூப்பில் நிற்கும் கூட்ஸுக்கு மின்சாரத்தை நிறுத்த ஒரு சுவிட்ச் வைத்தேன். அதற்காக இன்னொரு சிறிய டீசல் இன்ஜினும் வாங்க வேண்டியிருந்தது. முதல் வாரம் பேரன் அவசரப்பட்டு வண்டியை எடுத்தான். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. "லைன் கிளியர் வாங்காம எடுக்கக் கூடாதுப்பா" என்று சொல்லி, வண்டியைக் கையால் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பதிவேட்டில் எழுதினார்.

விளைவு

2024 மே மாதம் ஓட ஆரம்பித்தது. ஜூன் முதல் நவம்பர் வரை எந்த மாதத்திலும் 12 நாளுக்குக் குறைவாக ஓடவில்லை. ஒரு கிராசிங் முடிய, வண்டிகளைப் பிரித்து இடம் மாற்றும் ஷண்டிங்கோடு, இருபது நிமிஷம் ஆகிறது. பெரியவர் மீட்டர் கேஜ் காலத்து டைம்டேபிள் ஒன்றை நினைவிலிருந்து எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒரு வண்டி நிரந்தரமாகத் தாமதம். கோடை இரண்டு வந்து போய்விட்டது, தண்டவாளம் நெளியவில்லை.

அக்டோபரில் நவராத்திரிக்கு ஸ்டேஷன் பலகை ஒன்றை மட்டும் கழற்றி ஹாலுக்குக் கொண்டுபோய்க் கொலுப்படிக்குக் கீழே வைத்தார்கள். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் வரிசையில் நின்று டம்ளர் தட்டினார்கள். ஒரு நாள் மாலை மகளே கன்ட்ரோலரில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் ஒருமுறைகூட ஓட்டியதில்லை.

இழப்பும் உண்டு. பேரனின் பழைய நண்பர்கள் வந்து பாலத்தைக் கேட்டபோது அவன் முகம் வாடியதைப் பார்த்தேன். வண்டி சும்மா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டோம்.

மாற்றிச் செய்வதென்றால்

முதல் ஆணிக்கு முன், யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டிருப்பேன். பெரியவரின் முப்பது வருஷ வேலை அந்த அறையிலேயே இருந்தது. நாங்கள் அவரிடம் பலகை அளவைத்தான் கேட்டோம்.

சால்டரை ஒயர்களோடு நிறுத்தி, தண்டவாள இணைப்புகளைத் தளர்வாக விட்டிருப்பேன். குளிர்ந்த காலையில் பதித்தால் இடைவெளி வேண்டும், சித்திரை வெயிலில் பதித்தால் அநேகமாக வேண்டாம். மின்னழுத்தத்தை ஓடும்போது மட்டுமே அளப்பேன். பிளைவுட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டங்களை முதலிலேயே கொடுத்திருப்பேன். இரண்டாவது அமைப்பில் அறுத்த பிறகுதான் கொடுத்தோம், பழைய தொய்வு ஒரு பலகையில் இன்னும் லேசாகத் தெரிகிறது.

பதிவேட்டை முதல் நாளிலிருந்தே தொடங்கியிருப்போம். ஏப்ரலுக்கு முன் நடந்தவற்றுக்கு எங்களிடம் ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது, அதில் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறோம்.

மூன்றாவது பலகையின் கடைசி ஓர் அடியில் இன்னும் தண்டவாளம் போடவில்லை. தாத்தாவுக்கு அங்கே கூட்ஸ் ஷெட் வேண்டும், பேரனுக்கு இன்ஜின் திருப்பும் டர்ன்டேபிள். பேச்சு முடியவில்லை.